பாறைக்குத் தண்ணீர் சுமந்தவர்

பொறாமைக்காரர் சொல்வது உண்மையாக இருக்க முடியாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சுவரில் விரிசல் இருப்பதாகச் சொல்கிறார். உங்கள் வீட்டைப் பார்த்து அவர் வயிறு எரிவது தெருவுக்கே தெரியும். அதனால் விரிசல் மறைந்துவிடுமா? நீங்கள் தடவிப் பார்க்க வேண்டியது சுவரையா, அவருடைய வயிற்றையா? கேட்டால் எல்லாரும் "சுவரைத்தான்" என்பீர்கள். நடைமுறையில் எல்லாரும் வயிற்றைத்தான் தடவுகிறோம். அப்படித் தடவியதால் என்ன ஆனது என்பதற்கு ஒரு சுமைக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

அவரை எல்லாரும் கெட்டிலக்கா என்பார்கள். வயது நாற்பத்துமூன்று. மேகக்காட்டுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போகும் ஒரு பயணக் கம்பெனியில் பத்தொன்பது ஆண்டுகள் சுமை தூக்கினார். முதுகு மூட்டைக்குப் பின்னால் பெரிய அலுமினியக் கெட்டில் ஒன்று தொங்கும். நடக்க நடக்க அதன் மூடி டிங் டிங் என்று அடிக்கும். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கும் பயணிகளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் போதும், டீ பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெம்பு வந்துவிடும்.

கம்பெனி அலுவலகம் பேருந்து நிலையத்தை ஒட்டி, செல்போன் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. சுருட்டிய கூடாரங்கள், காய்ந்தும் காயாத மழைக்கோட்டுகள், பூசணம் பிடித்த கயிறுகள். கதவருகில் ஒரு கொக்கித் தராசு. ஓர் ஆள் இருபது கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சட்டம். அந்தத் தராசின் முள்ளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது; எதைத் தொங்கவிட்டாலும் பத்தொன்பதைத் தாண்டாது.

மேகக்காட்டில் மழை பெய்யாமலே நனையலாம். மேகம் மரங்களுக்குள் நடந்து வருகிறது. கிளைகளில் பாசி தாடி தாடியாகத் தொங்குகிறது, அதன் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நீட்டிய கையின் விரல்கள் தெரியாத நேரமும் உண்டு. மூன்று நாள் நடை. கெட்டிலக்கா பயணிகளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது அடுப்பு எரிந்து, டீ கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆக, அந்தக் காட்டுக்குள் எந்த இடத்தையும் முதலில் பார்க்கிறவர் அவர்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள், பாதையில் மரம் விழுந்து கிடந்தது. சுற்றிப்போனவர், தீப்பெட்டி நனையாத இடம் தேடி ஒரு பெரிய பாறையின் குடைவுக்குள் ஒதுங்கினார். உள்ளே பொட்டு ஈரமில்லை. அடுப்பைப் பற்றவைத்தார். கெட்டில் வாயிலிருந்து எழுந்த ஆவி எங்கே போகிறது என்று அண்ணாந்தார். பாறையில் காவி நிறத்தில் பதினோரு பேர் வரிசையாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறார்களோ! எல்லாருடைய முதுகும் வளைந்திருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் தங்கையிடம் சொன்னார். தங்கை அப்போது அதே கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தார். அக்காவைவிடப் பதினோரு வயது இளையவர். அக்காவின் படிப்பு எட்டாவதோடு நின்றது. தங்கை கல்லூரிப் படியும் மிதித்தவர்.

தங்கை கெட்டிக்காரர், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த வாரமே கேமராவோடு போனார். ஆறு மாதம் புத்தகம் புத்தகமாகப் படித்தார். பல்கலைக்கழகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். அங்கிருந்து ஆய்வாளர் வந்து பார்த்து, பழங்கால ஓவியம்தான் என்று உறுதி சொன்னார். செய்தித்தாளில் "இளம்பெண் கண்டுபிடித்த ஓவியப் பாறை" என்று கால் பக்கம் வந்தது. வனத்துறை தங்கைக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் வழிகாட்டி வில்லை கொடுத்தது. கம்பெனி தன் பாதையை அந்தப் பாறை வழியாக மாற்றிக்கொண்டது. அக்கா சுமந்துகொண்டே இருந்தார். இப்போது தங்கையின் பையும் சேர்ந்துகொண்டது.

"நான்தானேடி முதல்ல பார்த்தேன்?"

"நீ ஈரத்துக்கு ஒதுங்கினக்கா. பார்த்தேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். அது என்னன்னு கண்டுபிடிச்சது நான்."

"ஓஹோ! பெத்தவ ஒருத்தி, பேர் வச்சவ அம்மாவா?"

"பேர் இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்க மாட்டாங்கக்கா."

  எதிராளி சொல்வதில் நியாயம் இருக்கும்போதுதான் வயிறு அதிகமாக எரியும்.

எரிந்தது. அலுவலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். தங்கை ஓவியத்தைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை, பாதிக் கெட்டில். அந்த முழங்கைக்குச் சொந்தக்காரர் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் மூட்டை கட்டினார். வீட்டுக்குப் போனால் அங்கே செய்தித்தாள் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரித்தது. மாட்டியவர் அம்மா. தங்கை கம்பெனி கொடுத்த அறையில் தனியே இருக்கிறார். அம்மா இருப்பது பெரியவள் வீட்டில். சட்டம் தொங்கியது பெரியவளின் அடுப்புக்கு நேர் மேலே.

"சின்னவதான் நம்ம குடும்பத்துக்கே வெளிச்சம்" என்பார் அம்மா.

"அப்ப நான் யாரும்மா?"

"நீ இல்லேன்னா எனக்கு யாரு சோறு போடறது?"

"நல்லாருக்கு. வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிடு."

அதிலும் பெரிய எரிச்சல் பூட்ஸ். வழிகாட்டிக்குக் கம்பெனி தோல் பூட்ஸ் கொடுத்தது, அட்டை ஏறாது, கல் குத்தாது. சுமைக்காரர்களுக்கு ரப்பர் செருப்பு, அதுவும் அவரவர் வாங்கிக்கொள்வது. ஒரு மதியம் முகாமில் தங்கை கூடாரத்துக்குள் படுத்திருந்தார். பூட்ஸ் வெளியே கிடந்தது. கெட்டிலக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலை உள்ளே விட்டார்.

"கச்சிதமா பொருந்திச்சுங்க," என்று அவரே என்னிடம் சொன்னார். "அதுதான் தாங்கல. சின்னதா இருந்திருந்தா, சரி அவளுக்குன்னு செஞ்சதுன்னு விட்டிருப்பேன். நாலு அடி நடந்தேன். அஞ்சாவது அடி வைக்கல, அழுதுருவேன்னு பயம்."

இந்த நிலையில்தான் தண்ணீர் வந்தது.

கோடை மாதங்களில் அந்த ஓவியம் மங்கலாகத்தான் தெரியும். மூன்று நாள் வழுக்கி விழுந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து வந்த பயணிகள் அண்ணாந்து பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்பார்கள். ஒருமுறை ஒரு பயணி குடிக்கிற பாட்டிலைத் திறந்து பாறை மேல் வீசினார். உலர்ந்த காவி நனைந்ததும் நேற்று வரைந்தது போலச் சிவந்து எழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த பயணத்தில் தங்கையே ஊற்றினார். அதற்கடுத்த மாதம் கம்பெனியின் விளம்பரத் தாளில் "ஓவியங்கள் உயிர்பெறும் தருணம்" என்று அச்சாகிவிட்டது.

உயிர்ப்பிக்கும் தண்ணீர் பாறைக்குப் பக்கத்தில் கிடையாது. ஊற்று இருப்பது ஒன்றரை மணி நேரம் கீழே, முகாமில். ஆகவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று புதிதாகச் சுமையில் சேர்ந்தது. யார் முதுகில் என்று கேட்கவும் வேண்டுமா?

"அக்கா, நாம ஒரு டம்ளர் குடிக்க யோசிக்கிறோம். பாறை அஞ்சு லிட்டர் குடிக்குது," என்றான் கூடச் சுமக்கிறவன். நீண்ட கழுத்துக்காக ஒட்டகம் என்று பெயர் வாங்கியவன். "அடுத்த பிறவியில பாறையா பொறக்கணும்."

"அடுத்த பிறவின்னு ஒண்ணு கிடையாதுடா. எதுக்குக் காத்துக்கிட்டிருக்கே, உன் தலை இப்பவே பாறைதான்."

கேனைச் சுமக்கும் கடுப்பில்தான் கெட்டிலக்கா அந்தப் பாறைச் சுவரை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தார். பயணிகள் ஓவியத்தைப் பார்த்தார்கள், தங்கை பயணிகளைப் பார்த்தார், இவர் தண்ணீர் வழிந்து காயும் இடத்தைப் பார்த்தார். ஓவிய வரிசையின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்ந்தது. எங்கேயோ பார்த்த மாவு. எங்கே? தன் கெட்டிலுக்குள்! ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து அடியில் படிந்து, மாதம் ஒருமுறை கரண்டிக் காம்பால் பெயர்த்தெடுக்கிறாரே, அதே சுண்ணாம்பு.

தங்கையிடம் சொன்னார். தங்கை சிரித்தார்.

"அக்கா, மேகமே அந்தக் காட்டைத் தினமும் நனைக்குது. ஆயிரக்கணக்கான வருஷமா ஈரக்காத்து அடிக்குது. அதுல போகாத ஓவியம் நான் அஞ்சு லிட்டர் ஊத்தினா போயிடுமா?"

நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் சத்தம் போடுவார்கள். கெட்டிலக்கா இரண்டையும் செய்யவில்லை. பாறையின் அடியில் உதிர்ந்து கிடந்த கருங்கற்களில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்கினார். ஒன்றை மேகம் மட்டும் படும்படி வெளியே ஒரு கிளை இடுக்கில் வைத்தார். இன்னொன்றைக் குடைவுக்குள் ஒரு மூலையில் வைத்து, ஒவ்வொரு நடையிலும் ஒரு டம்ளர் ஊற்றுத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். யாருக்கும் தெரியாது. பதினான்கு நடை. வெளியே இருந்த கல் கறுப்பாகவே இருந்தது, பாசிகூட இல்லை, துடைத்தால் மினுங்கியது. உள்ளே இருந்த கல்லுக்கு நரை விழுந்திருந்தது.

மேகத்தில் சுண்ணாம்பு இல்லை. ஊற்றில் இருக்கிறது. எட்டாவதோடு நின்ற ஒருவர், அடுப்பங்கரை அறிவை வைத்துக்கொண்டு, ஓர் ஐயத்தை எழுப்பி, எதிர்வாதத்தைக் கேட்டு, இரண்டு கல்லால் விடை கண்டிருக்கிறார். இதற்குப் பெயர் அறிவியல். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்தால்தான் நம்புவோம் என்றால் கோளாறு நம்மிடம் இருக்கிறது.

"உண்மையைக் கண்டுபிடிக்கணும்னா செஞ்சேன்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "உங்ககிட்ட உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. அவ தப்புன்னு காட்டணும். அந்த முகம் தொங்கறதை ஒரு தடவை பார்க்கணும். அதுக்காகத்தான் பதினாலு நடை பொறுமையா இருந்தேன். வேற எதுக்கும் நான் அவ்வளவு பொறுமையா இருந்ததில்ல."

இரண்டு கல்லையும் தங்கைக்கு முன்னால் வைத்தார். தங்கை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கவில்லை.

"இதை ஏன்க்கா இவ்வளவு சந்தோஷமா காட்டறே?" என்றார்.

அவ்வளவுதான். கல்லைப் பற்றிய பேச்சு அங்கே முடிந்துபோயிற்று. அடுத்த வாரமும் கேன் ஏறியது. கெட்டிலக்கா வனத்துறை அலுவலகத்துக்கு மனு எழுதினார்.

விசாரணைக்கு அழைத்தார்கள். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பழைய நாள்காட்டித் தாள், மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் தோட்டா உறை ஒன்று. வன அதிகாரி நடுவில். ஒருபக்கம் கம்பெனி முதலாளியும் தங்கையும், உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிலக்கா நின்றுகொண்டிருந்தார். நாற்காலி மூன்றுதான் இருந்ததாம்.

"இவங்க உங்க கூடப் பிறந்தவங்கதானே?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"தங்கச்சி மேலேயே மனுவா? வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

"பாறை எங்க வீட்டுக்குள்ள இல்லையே சார்."

முதலாளி நாற்காலியை முன்னே இழுத்தார். "சார், பட்டுனு சொல்லிடறேன். இது தண்ணி விஷயமே இல்ல. வயித்தெரிச்சல். இந்தம்மா அந்தப் போஸ்டரை முறைக்கிற முறைப்புல அது தானா கிழியாம இருக்கிறதே ஆச்சரியம்."

அதிகாரி சிரித்தார். "என்னம்மா, பொறாமையா?"

"ஆமா சார். பொறாமைதான். பெரிய எழுத்துல எழுதிக்கோங்க. எழுதிட்டு இந்த ரெண்டு கல்லையும் பாருங்க."

துணிப்பையிலிருந்து கற்களை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி வெள்ளை பூத்த கல்லை எடுத்தார். நகத்தால் சுரண்டினார். கண்ணாடி மேல் மாவு உதிர்ந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவர் அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கெட்டிலக்கா சொல்கிறார். பிறகு கேட்டார்:

"இதுங்களை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"அந்தப் பாறை அடியில உதிர்ந்து கிடந்தது சார்."

அதிகாரி அலமாரியைத் திறந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து கல், மண், கிளை எதையும் வெளியே கொண்டுவருவது குற்றம். கெட்டிலக்காவுக்கு ஓர் ஆண்டு காட்டுக்குள் நுழையத் தடை. பாறைமேல் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லையாம். ஆகவே அதில் நடவடிக்கை எடுக்க வழியில்லையாம். இரண்டு கற்களும் பறிமுதல். நூல் கட்டி, சீட்டு ஒட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சீட்டில் எழுதியது: சான்றுப்பொருள்.

படித்துப் பாருங்கள், உங்களுக்கு ரத்தம் கொதிக்கவில்லையா? ஒரு பெண் பாறை அழிகிறது என்பதற்குச் சான்று கொண்டுவந்தார். அது சான்று என்பதை அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அவருக்கு எதிரான சான்று என்று! பதினான்கு நடை சோதனையை ஒரே கேள்வியில் தூக்கிப்போட்டுவிட்டார்கள், "பொறாமையா?" என்ற கேள்வியில். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பேராசையா என்று யாரும் கேட்கவில்லை. பொறாமை ஏழைகளின் வியாதி, பேராசை முதலாளிகளின் முயற்சி. நம் அகராதி அப்படி.

இப்போது கெட்டிலக்கா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் துணி வெளுக்கிறார். மலையிறங்கி வருகிறவர்களின் சேறும் அட்டை ரத்தமும் பட்ட படுக்கை விரிப்புகள். இரண்டு இயந்திரங்கள், ஒன்று பழுது. அங்கேதான் அவரைச் சந்தித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பாறை முன்னால் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

"என்னை நல்லவள்னு எழுதிடாதீங்க," என்றார் விரிப்பை முறுக்கிக்கொண்டே. "ஒட்டகம் மலையிறங்கினா இங்க வருவான். நான் முதல்ல என்ன கேட்பேன் தெரியுமா? அவளுக்கு இன்னும் கைதட்டறாங்களான்னு கேட்பேன். சுவர் எப்படி இருக்குன்னு அப்புறம்தான்."

போன மாதம் தங்கை அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா உடையாத நாற்காலியை எடுத்துச் சின்னவளுக்குப் போட்டிருக்கிறார். அதையும் கெட்டிலக்கா கவனித்திருக்கிறார். தங்கை உட்காரவில்லை. அடுப்பருகில் வந்து நின்றாராம்.

"எட்டுப் பேர்தான் தெரியறாங்கக்கா. கடைசி மூணு பேர் வெள்ளைக்குள்ள போயிட்டாங்க."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"அன்னைக்கே தெரிஞ்சுது. நீ சிரிச்சுக்கிட்டே காட்டினே, அதனால பார்க்க மாட்டேன்னு இருந்தேன்."

"சரி, நிறுத்து."

"நிறுத்திப் பார்த்தேன்க்கா. ரெண்டு தடவை கேனைத் திறக்கல. ஒருத்தர் கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டார், வழிகாட்டி சோம்பேறி, விளம்பரத்துல சொன்னதைக் காட்டலன்னு. இன்னொருத்தர் தன் பாட்டிலையே திறந்துட்டார். கையைப் பிடிச்சேன். நீ யாரும்மா என்னைத் தடுக்கன்னு கேட்டார். முதலாளி அடுத்த தடவை வில்லையைப் பிடுங்கி வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு சொல்லிட்டார். நான் போனா இன்னொருத்தி ஊத்துவா. நீ மனுவைத் தப்பான இடத்துல கொடுத்தேக்கா. கைதட்டறவங்ககிட்ட கொடுத்திருக்கணும்."

இதைச் சொல்லிவிட்டுக் கெட்டிலக்கா விரிப்பைக் கொடியில் போட்டு, ஓங்கி ஓர் உதறு உதறினார்.

"அவ சொன்னது சரிதாங்க. என் கல்லு, என் கெட்டில், என் பதினாலு நடை. கடைசியில சரியான வார்த்தை அவ வாயிலேர்ந்து வருது பாருங்க! எனக்குத் தோணாம போச்சேன்னு அதுக்கும் வயிறு எரிஞ்சுது."

எரியட்டும். மனுவை நான் எழுதுகிறேன். இதுதான் அது, பெறுபவர் நீங்கள்.

மலைக்குப் போகிறீர்கள் என்று தெரியும். அந்தப் பாறைக்கோ, அதுபோல வேறெங்கோ இருக்கும் ஓவியப் பாறைக்கோ. மங்கலாகத் தெரிந்தால் மங்கலாகவே பாருங்கள். கண் பழகும்வரை கால் மணி நேரம் நில்லுங்கள், ஒவ்வொருவராகத் தெரிவார்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது பாட்டிலைத் திறந்தால் வாய் திறந்து தடுங்கள். ஊர் திரும்பியதும் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள்: எங்கள் வழிகாட்டி தண்ணீர் ஊற்றவில்லை, அதற்காகவே அவரைப் பாராட்டுகிறோம் என்று. பாறைக்கென்று ஒரு கேன் வந்திருந்தால், மூடியைத் திறந்து முதல் டம்ளரை அதைச் சுமந்து வந்தவரிடம் நீட்டி, உட்கார்ந்து குடிக்கச் சொல்லுங்கள்.